இதழ் 212-க்கு ஒரு பதில்

என் மனைவி மெரின் இறந்த பதினோராம் நாள் அவளுடைய மின்னஞ்சலைத் திறந்தேன். அவள் எடுத்திருந்த மூன்று புத்தகங்களை நூலகம் திருப்பிக் கேட்டிருந்தது. எந்த மூன்று என்று பார்க்க வேண்டியிருந்தது.

நூலகத்தின் மடலுக்குக் கீழே இது இருந்தது.

"அன்புள்ள மெரின், டன்னிங் முனை மடற்குழுவுக்கு நீங்கள் அனுப்பிய மடல் மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்காக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. காரணம் ஒன்று: திரட்டுக்குப் பதில் எழுதும்போது நீங்கள் தலைப்பை மாற்றவில்லை. காரணம் இரண்டு: அளவு. அறுபது நாட்களுக்குள் ஒப்புதல் கிடைக்காவிடில் மடல் தானாக அழிந்துவிடும். இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாகட்டும்."

அவள் அனுப்பிய நேரமும் இருந்தது. மே 27, செவ்வாய், காலை 6:52.

ஹோபார்ட் மருத்துவமனையில் அன்று ஏழு மணிக்கு அவளை அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை வரை இருந்தாள். கண் திறக்கவில்லை.

6:52 எனக்கு நினைவிருந்தது. படுக்கையில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். முடித்ததும் சிரித்தாள்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"அப்புறம் சொல்றேன்" என்றாள்.

ஆக, அது எங்கேயோ இருந்தது. அவள் கடைசியாக எழுதியது. அதற்கு ஜூலை 26 வரை உயிர்.

டன்னிங் முனையில் தொண்ணூறு வீடுகள், ஒரு கடை, ஒரு படகுத்துறை, ஒரு பொதுமன்றம், ஒரு மடற்குழு. ஊரில் யாருக்கு என்ன தேவையென்றாலும் மடற்குழுவுக்கு எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது மரியாதையில்லை. ஒரு நாள் முழுக்க வந்த மடல்களை ஒன்றாகக் கட்டி மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் அனுப்புவார்கள். அதற்குத் திரட்டு என்று பெயர். ஒவ்வொரு திரட்டுக்கும் இதழ் எண் உண்டு; ஆயிரம் ஆனதும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அடியில் 'பதில்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் குழுவின் பக்கம் திறக்கும். அங்கே எழுதுவது அங்கேயே தங்கும், எழுதியவரிடம் நகல் இருக்காது. அவளுடைய கைப்பேசியிலும் கணினியிலும் தேடினேன். இல்லை.

அவள் பதில் எழுதியது இதழ் 212-க்கு. அந்த இதழ் அவள் மின்னஞ்சல் பெட்டியில் இருந்தது. பதினான்கு மடல்கள். பாடகர் குழுவுக்கு ஆண்குரல் வேண்டும். ஒரு பழுப்புக் கோழியைக் காணோம். யாருடைய துடுப்புப் படகோ கரையில் கிடக்கிறது. மேட்டு வளைவில் தனியாக இருக்கும் பாட்டி டாட் தன் விறகுக் கணப்பின் புகைக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, சுத்தம் செய்ய யாரிடமாவது தூரிகை இருக்குமா என்று கேட்டிருந்தார். ஒருவர் தன் பூசணியின் சுற்றளவைத் தெரிவித்திருந்தார். கேள்வி எதுவுமில்லை, தெரிவிப்பு மட்டும்.

இந்தப் பதினான்கில் எது அவளைச் சிரிக்க வைத்தது? பூசணிதான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலைத் திரட்டு வந்தது. பதில் பொத்தானை அழுத்தி எழுதினேன். "நான் மெரினின் கணவன். அவள் இறந்துவிட்டாள். நிறுத்திவைத்திருக்கும் அவள் மடலை எனக்குத் தாருங்கள்." அனுப்பினேன்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

"அன்புள்ள மெரின், உங்கள் மடல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. திரட்டுக்குப் பதில் எழுதும்போது நீங்கள் தலைப்பை மாற்றவில்லை. இது உங்கள் இரண்டாவது மீறல். மூன்றாவது மீறலில் உறுப்பினர் தகுதி நீக்கப்படும். இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாகட்டும்."

*

அந்த வாரமே க்ளெனிஸ் வந்தார். திரட்டுப் பதில்களை நெறிப்படுத்தும் துணைக்குழுவின் தலைவர். கையில் ஸ்காலப் பை, கடற்சிப்பி இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம். அதன் தட்டின் அடியில் அவர் பெயர் எழுதிய ஒட்டுத்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் உணவோடு விட்டுப்போன, பெயர் ஒட்டிய தட்டுகள் ஒன்பது என் சமையலறையில் அப்போது இருந்தன. இது பத்தாவது.

"கேலம் கண்ணு" என்றார். "சாப்பிடறியா இல்லையா? முகமெல்லாம் ஒட்டிப் போச்சே."

"சாப்பிடறேன். க்ளெனிஸ், அந்த மடல்..."

"மெரின் மாதிரி ஒரு பொண்ணு இந்த ஊருக்குக் கிடைக்க மாட்டா. தேநீர் போட்டா அப்படிப் போடுவா."

"அவ எழுதின மடல் உங்ககிட்ட இருக்கு."

அவர் பைத் தட்டை மேசையில் வைத்தார். குரல் மாறியது. "இருக்கு. பத்திரமா இருக்கு. ஒண்ணு தெரிஞ்சுக்கோ, கண்ணு. இந்த மடற்குழு தொடங்கின பதினேழு வருஷத்துல ஒருத்தர் மடலையும் நிராகரிச்சதில்ல. நிராகரிக்கறதுன்னா அது மனசைப் புண்படுத்தற காரியம். நாங்க நிறுத்திதான் வைப்போம்."

"எவ்வளவு நாள்?"

"அறுபது நாள்."

"அப்புறம்?"

"அப்புறம் அது தானா போயிடும். நாங்க எதுவும் பண்றதில்ல." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

"அதை எனக்குக் குடுக்க என்ன பண்ணணும்?"

"எழுதினவங்க உள்ள வந்து, தலைப்பை மாத்தி, கூடவே ஒட்டி வர்ற பழைய திரட்டை, அதான் மேற்கோளை, சுருக்கி, திரும்ப அனுப்பணும். ரெண்டு நிமிஷ வேலை."

அவரைப் பார்த்தேன். அவர் பார்வையைத் தட்டுக்குத் திருப்பினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு படிவம் எடுத்தார்.

"இது ஏழாம் எண் படிவம். எழுதினவங்க ஏன் நேர்ல திருத்தலைன்னு ஒரு காரணம் குறிச்சுக் குடு."

மூன்று கட்டங்கள் இருந்தன. மறதி. கருத்து வேறுபாடு. பயணம்.

"இது மூணும் இல்லையே."

"எனக்குத் தெரியாதாப்பா? படிவத்துல அவ்வளவுதான் இருக்கு. புதுக் கட்டம் சேர்க்கணும்னா ஆண்டுக் கூட்டத்துலதான் முடியும். பயணம்னு போட்டுடு. தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

பயணத்தில் குறியிட்டேன். அதன் பக்கத்தில் 'திரும்பும் நாள்' என்று ஒரு கோடு இருந்தது. அதைக் காலியாக விட்டேன்.

நான்கு நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. திரும்பும் நாள் நிரப்பப்படவில்லை.

*

மடற்குழுவின் கடவுச்சொல் வாரிக்கிடம் இருந்தது. படகு மோட்டார் பழுது பார்ப்பவர். பட்டறையின் மூலையில் அவருடைய கணினி. திரையின் கீழ்ப்பாதியை ஓர் அட்டை மூடியிருந்தது. காலை உணவுப் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை. அதில் பாதிக் கிளி ஒன்று இருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒப்புதல் வராத மடலை மட்டுறுத்துநர் படிக்கக் கூடாது. தலைப்பு, அளவு, இது ரெண்டுதான் பார்க்கலாம். துணைக்குழுவுல இருக்கற பெவன் வந்து அளந்து, வெட்டிக் குடுத்தார்."

"படிக்காம எப்படி ஒப்புதல் குடுப்பீங்க?"

"எனக்கும் முதல்ல அது புரியல." துணியில் கையைத் துடைத்தார். "இப்பப் பழகிடுச்சு."

"வாரிக், அந்த அட்டையை ஒரு நிமிஷம் எடுங்க. நான் பார்த்துட்டுப் போயிடறேன். யாருக்கும் தெரியாது."

அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காது வரை சிவந்துபோனார். "எனக்குத் தெரியுமேப்பா" என்றார்.

கெட்டவர் இல்லை. என் மோட்டாரை இரண்டு தடவை சும்மாவே சரிசெய்து கொடுத்திருக்கிறார்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார். "உள்ளடக்கம் சொல்லக் கூடாது. ஆனா எண்ணிக்கை உள்ளடக்கம் ஆகாது. மொத்தம் அறுபத்தோரு கிலோபைட். நாற்பதுதான் வரம்பு. அதுல பெரும்பகுதி திரட்டேதான். முழு இதழையும் அப்படியே மேற்கோள் காட்டியிருக்காங்க. அவங்க சொந்தமா எழுதினது..." ஏதோ விசைகளைத் தட்டினார். "தொண்ணூத்தாறு எழுத்து. இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து."

"தொண்ணூத்தாறு."

"ஆமா. இதை நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

வீட்டுக்கு வந்து கட்டம் போட்ட தாளில் எழுதிப் பார்த்தேன். 'கேலம், பயமாக இருக்கிறது' என்று எழுதினால் பதினாறு எழுத்து. மீதி எண்பது இருக்கிறது. எண்பதில் எவ்வளவோ சொல்லலாம். பூசணிக்கு வாழ்த்துச் சொல்வதென்றால் முப்பது போதும். ஜூன் மாதத்தின் மீதி முழுக்க இப்படி எழுதிப் பார்த்தேன். தொண்ணூற்றாறு எழுத்தில் அவள் என்னிடம் சொல்லியிருக்கக்கூடியவை நாற்பத்தொரு தாள்கள் சேர்ந்தன. ஒன்றிலும் அவள் சிரிக்கவில்லை.

*

ஜூலை 20, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பொதுமன்றத்தில் கூட்டம். இங்கே ஜூலை நடுக்குளிர்காலம். ஆறாம் பொருள்: இதழ் 212-க்கு வந்த பதில். வருபவர்கள் ஒரு தட்டு கொண்டு வர வேண்டும் என்பது இங்கே வழக்கம். நான் பெயர் ஒட்டிய தட்டுகளில் ஒன்றைக் கழுவி எடுத்துப் போனேன். தட்டு கொண்டு வருவதென்றால் அதில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது வாசலில்தான் நினைவுக்கு வந்தது.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை. டாட் எல்லாருக்கும் முன்பே வந்து மின்கணப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டு. காதுவரை இறக்கிய கம்பளித் தொப்பி. பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தட்டினார்.

"இங்க உக்காரு கண்ணு. இங்கதான் சூடா இருக்கு. என்ன, காலித் தட்டோட வந்திருக்கே?"

"மறந்துட்டேன்."

"நல்லதுதான். க்ளெனிஸோட கேக்கைச் சாப்பிட ஒரு தட்டு குறைச்சலா இருந்தது."

க்ளெனிஸ் மணியடித்தார். "எல்லாரும் எழுந்து நில்லுங்க. ஒரு நிமிஷ மௌனம்."

எழுந்தேன். காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாட் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன. இதை எதிர்பார்க்கவில்லை. இவர்களைத் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று தோன்றியது.

"நன்றி. உட்காருங்க" என்றார் க்ளெனிஸ். "பெருந்திரட்டில் பாதிக்கப்பட்ட எல்லாருக்காகவும்."

பெருந்திரட்டு பதினொரு வருடங்களுக்கு முன்பு நடந்தது. யாரோ ஒருவர் தலைப்பை மாற்றாமல் முழுத் திரட்டையும் சேர்த்துப் பதில் எழுதினார். அந்தப் பதில் அடுத்த திரட்டில் வந்தது. அதற்கு இன்னொருவர் அதேபோல் பதில் எழுதினார். ஒன்பதாம் நாள் திரட்டுக்குள் எட்டுத் திரட்டுகள் இருந்தன. 'குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும்' என்ற அறிவிப்பு முந்நூற்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. பாதி ஊருக்கு வயிற்றுப்போக்கு. அதன் பிறகுதான் துணைக்குழு, விதிகள், படிவங்கள் எல்லாம் வந்தன.

விதிகளை எழுதியவர் பெவன். ஓய்வு பெற்ற கப்பல் ஆய்வாளர். கோப்போடு எழுந்தார்.

"கேலமோட துக்கத்துல நாம எல்லாரும் பங்கு எடுத்துக்கறோம். அது நாலாம் பொருள்லயே பதிவாயிடுச்சு. இப்ப ஆறாம் பொருள். இறந்தவங்க மேல நான் குறை சொல்ல வரல. ஆனா இதழ் 212-ல பதினாலு மடல். மெரின் தலைப்பை மாத்தாம பதில் போட்டதால, அது எதுக்குப் பதில்னு கணினிக்குத் தெரியல. அதனால பதினாலு மடலுக்கும் 'பதில் வந்தாச்சு'ன்னு குறிச்சிடுச்சு. ஒரே ஆள், ஒரே காலையில, பதினாலு பேர் வாயை அடைச்சிருக்காங்க. இதுக்குத்தான் விதி."

பின்வரிசையில் துடுப்புப் படகுக்காரர் எழுந்தார். "பெவன், ரெண்டு மாசமா என் படகு கரையில கிடக்குது. பதில் வந்தாச்சுன்னு காட்டுது. படகைப் பத்தி அந்தப் பொண்ணு என்னதான் எழுதினா?"

"பூசணியைப் பத்தியும் எழுதியிருக்கணும்" என்றார் இன்னொருவர். "நான் கேள்வியே கேட்கல. அதுக்கும் பதில் வந்திருக்கு. எனக்கு ஆர்வமா இருக்கு."

அப்போதுதான் ஏன் நாற்பது பேர் வந்தார்கள் என்று புரிந்தது. பதினான்கு வீட்டுக்காரர்களும், தங்களுக்கு வந்த பதிலைக் கேட்டு வந்திருந்தார்கள். பாடகர் குழுவின் தலைவி அது தங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, மெரினுக்கு நல்ல குரல் என்றார். மெரினுக்குக் குரலே கிடையாது.

"அப்படின்னா எல்லாருக்கும் அது வேணும்" என்றேன். எழுந்து நின்றது எனக்கே பிறகுதான் தெரிந்தது. "வெளியிட்டுடுங்களேன்."

"விதி பன்னிரண்டு, வெளியிடறதுக்கு முன்னாடி மேற்கோளை வெட்டணும்" என்றார் பெவன். "வெட்டறது சுலபம். மேல எழுதியிருந்தா கீழ வெட்டலாம். கீழ எழுதியிருந்தா மேல வெட்டலாம். மெரின் எந்தக் கட்சி?"

மன்றத்தில் நடுவே ஒரு பாதை உண்டு. பதிலை மேற்கோளுக்கு மேலே எழுதுபவர்கள் இடப்பக்கம் உட்காருவார்கள். கீழே எழுதுபவர்கள் வலப்பக்கம். சில கணவன் மனைவிகள் பல வருடங்களாகப் பாதைக்கு இருபுறமும் உட்காருகிறார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவ உக்காரவே மாட்டா" என்றேன். "தேநீர் போடற இடத்துல நிப்பா."

"வாரிக்" என்றார் பெவன். "உள்ளடக்கம் வேண்டாம். இடம் மட்டும் சொல்லுங்க."

வாரிக் தரையைப் பார்த்தார். "நடுவுல."

"எதுக்கு நடுவுல?"

"திரட்டுக்கு நடுவுல. மேலயும் மேற்கோள், கீழயும் மேற்கோள். நடுவுல எழுதியிருக்காங்க."

பெருந்திரட்டுக்குக் கிடைத்ததைவிட நீளமான மௌனம் இதற்குக் கிடைத்தது. பிறகு நடுவில் எழுதுவது தவறென்று இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின. பதினொரு வருடத்தில் இரு தரப்பும் ஒன்றுபட்டது அன்றுதான் என்று கூட்டக் குறிப்பில் பிறகு படித்தேன்.

பெவன் கையைத் தூக்கினார். "பார்த்தீங்களா? நம்ம கணினியோட வெட்டு நிரல் மேற்கோளையும் அதுக்கப்புறம் வர்ற எல்லாத்தையும் எடுத்துடும். நடுவுல இருக்கறதும் போயிடும். கேலம், நாங்க உன் பக்கம்தான். இப்பவே வெளியிட்டா ஒண்ணுமே மிஞ்சாது. அதனாலதான் நிறுத்தி வெச்சிருக்கோம். விதிக்கு இரக்கம் இல்லைன்னு சொல்றாங்க. விதிக்கு ஆளே தெரியாது, அதான் அதோட நேர்மை. நாளைக்கே நான் செத்தாலும் என் மடலும் இப்படித்தான் நிக்கும். அதுல எனக்கு ஒரு நிம்மதி."

சிலர் கைதட்டினார்கள்.

நடுவில் எழுதப்பட்ட பதில்களை ஆராய ஓர் உட்குழு அமைப்பதென்று முடிவாயிற்று. அதன் முதல் கூட்டம் ஆகஸ்ட் 3.

"மடல் இருபத்தாறாம் தேதி அழிஞ்சிடும்" என்றேன்.

"அதையும் குறிச்சுக்கறோம்" என்றார் க்ளெனிஸ். மிக அன்பாகச் சொன்னார். "வேற ஏதாவது உண்டா?"

டாட் கையைத் தூக்கினார். "எனக்கு ஒரு சின்ன விஷயம்..."

"டாட், வாய்மொழியா வந்தா பதிவு பண்ண முடியாது. தனித் தலைப்புல எழுதுங்க."

"எழுதினேனே. பதில் வந்தாச்சுன்னு போட்டிருக்கு."

"அப்ப முடிஞ்சுதே" என்றார் க்ளெனிஸ். மணியடித்தார்.

டாட் கையை இறக்கி, கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். எல்லாரும் கேக்குக்குப் போன பிறகும் அவர் மின்கணப்பை விட்டு நகரவில்லை. ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தேன். "மெதுவா சாப்பிடறேன்" என்றார். "அவசரமா போய் என்ன பண்ண?" நான் எதுவும் கேட்கவில்லை. அந்த மாதங்களில் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

*

செவ்வாய் காலைத் திரட்டில் கூட்டக் குறிப்பு வந்தது. ஆறாம் பொருளின் கீழே இப்படி இருந்தது: "ஏழாம் எண் படிவத்தின்படி மெரின் பயணத்தில் இருக்கிறார். திரும்பும் நாள் தெரிவிக்கப்படவில்லை. அவரது பயணம் இனிதாக அமையத் துணைக்குழு வாழ்த்துகிறது."

அதை இரண்டு முறை படித்தேன். பதில் பொத்தானை அழுத்தினேன். "மெரின் பயணத்தில் இல்லை. இறந்துவிட்டாள்" என்று எழுதினேன். அனுப்பினேன்.

பெட்டியை மூடிய பிறகுதான் உறைத்தது. தலைப்பை மாற்றவில்லை. மூன்றாவது மீறல். அவளுடைய மடலைக் காப்பாற்ற நாலு நாள் மீதி இருந்தது. அதையும் நானே கெடுத்துவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.

பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது.

"கேலம், உக்காந்திருக்கியா?" க்ளெனிஸ். அழுதிருந்தார் என்று குரலிலேயே தெரிந்தது.

"உக்காந்துதான் இருக்கேன்."

"மூணாவது மீறல் ஆயிடுச்சு, கண்ணு. எங்களுக்கு வேற வழியில்ல. மெரினை நீக்கிட்டோம். நீக்கினா அவங்க பேர்ல நிறுத்தி வெச்சது எதையும் வெச்சிருக்கக் கூடாது. அதனால..." மூக்கை உறிஞ்சினார். "நிராகரிச்சுட்டோம். மூணையும். பதினேழு வருஷத்துல முதல் தடவை. அந்தப் பொத்தான் எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியல. பெவன் கையேட்டைப் பார்த்துக் கண்டுபிடிச்சார். வாரிக் அழுத்த மாட்டேன்னுட்டார். நான்தான் அழுத்தினேன். என்னை மன்னிச்சுடு."

"சரி" என்றேன்.

"எங்க மேல கோவம் இல்லையே?"

"இல்ல."

"அந்தப் பைத் தட்டை மட்டும் எப்ப முடியுமோ அப்பக் குடு. அவசரமே இல்ல."

தொலைபேசியை வைத்தேன். மெரினின் மின்னஞ்சல் கணக்கையே மூடிவிடலாம் என்று கணினிக்குப் போனேன். மூன்று புதிய மடல்கள் இருந்தன. மூன்றிலும் ஒரே வாசகம்.

"அன்புள்ள மெரின், உங்கள் மடல் நிராகரிக்கப்பட்டது. நீங்கள் அனுப்பிய மடல் முழுமையாக இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது."

நிராகரித்தால் திருப்பி அனுப்புவார்கள். எட்டு வாரத்துக்கு முன்பு யாராவது கொஞ்சம் மரியாதையில்லாமல் நடந்திருந்தால் போதும்.

முதலாவதைத் திறந்தேன். தலைப்பு: பதில், டன்னிங் முனை மடற்குழுத் திரட்டு, இதழ் 212. கீழே அறுபத்தோரு கிலோபைட். ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஒரு மேற்கோள் குறி. பாடகர் குழு போயிற்று. கோழி போயிற்று. படகு போயிற்று. மெதுவாக உருட்டினேன். வேகமாகப் போனால் தாண்டிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஏழாவது மடலுக்குக் கீழே குறியில்லாத வரிகள் இருந்தன.

"டாட், கேலம் வியாழக்கிழமை வந்து குழாயைச் சுத்தம் செய்வான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சாக்குச் சொன்னால் நம்பாதீர்கள். எங்களிடம் தூரிகை இருக்கிறது. மெரின்"

அதற்குக் கீழே எட்டாவது மடல். மறுபடி குறிகள். பூசணி.

கட்டத் தாளை எடுத்து எழுத்துகளை எண்ணினேன். இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றாறு. வாரிக் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

தூரிகை கொட்டகையில் இருந்தது. அதற்கு மேல் அவளுடைய மழைக்காலணி. காலணியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நீட்டுக் கம்புகள் நான்கையும் ஏணியையும் வண்டியில் ஏற்றினேன். மேட்டு வளைவுக்கு மூன்று நிமிடம். தினமும் கடைக்குப் போகும்போது அந்த வளைவைத் தாண்டித்தான் போவேன். டாட் வீட்டுப் புகைக்குழாயிலிருந்து புகை வராததை அன்றுதான் பார்த்தேன். அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் புகை வந்துகொண்டிருந்தது.

டாட் கதவைத் திறந்தார். இரண்டு கோட்டு. தொப்பி. பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது, வீட்டுக்குள்ளேயே.

"கேலமா? என்னப்பா?"

"புகைக்குழாயைச் சுத்தம் பண்ண வந்தேன்."

அவர் தூரிகையைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். "உன்னை யாரு வரச் சொன்னது?"

"மெரின்."

டாட் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப?"

"மே மாசம். உங்களுக்குத்தான் எழுதியிருந்தா. இன்னைக்குத்தான் வந்துது."

"அந்தப் பதில் எனக்கா?"

"ஆமா. இத்தனை நாள் எப்படி இருந்தீங்க? யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே."

"பதில் வந்தாச்சுன்னு போட்டிருந்தாங்களே கண்ணு. வந்த பதிலை மதிக்காம இன்னொருத்தர்கிட்டப் போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்?" கதவை அகலமாகத் திறந்தார். "என்ன எழுதியிருந்தா?"

"நான் வியாழக்கிழமை வருவேன்னு. சாக்குச் சொன்னா நம்ப வேண்டாம்னு."

"சாக்குச் சொல்லுவியா நீ?"

"சொல்லுவேன்."

கணப்பின் கதவைத் திறந்து முதல் கம்பை மாட்டினேன். தூரிகையை உள்ளே விட்டு மேலே தள்ளினேன். ஒன்றும் நகரவில்லை. இன்னொரு கம்பு மாட்டித் தள்ளினேன். மொத்தமாகச் சரிந்து விழுந்தது. கரி, சருகு, பழைய பறவைக்கூடு ஒன்று. முகம், கை, சட்டை எல்லாம் கறுப்பு. கண்ணைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. டாட் ஒரு துண்டை நீட்டினார். கரிதான் என்று அவரும் எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

"செவ்வாய்."

அவர் நாட்காட்டியின் பக்கம் திரும்பி, விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"பரவால்ல" என்றார். "ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டே."